மத்தியானத்து இங்கிலீஷ்

எங்கள் பக்கத்தில் ‘இங்கிலீஷில் போனவர்கள்’ என்று ஒரு தனிச் சாதியே இருந்தது. கணக்கில் தேறியிருப்பார்கள், சரித்திரத்தில் தேறியிருப்பார்கள், தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இங்கிலீஷ் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கும். அந்த ஒன்றுக்காக எஸ்.எஸ்.எல்.சி. மொத்தமும் போய்விடும். அதிலும் ஒரு வறட்டுப் பெருமை உண்டு. “பெயிலுதேன், ஆனா இங்கிலீசு மட்டுந்தேன்” என்று அந்த மட்டுந்தேனை அழுத்திச் சொல்வார்கள். அந்த மட்டும்தான் ஆளைக் கொண்டுபோய்த் தீப்பெட்டிக் கட்டைக்கும் வெடிக் குழாய்க்கும் முன்னால் உட்கார வைத்தது என்பது சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

என் அக்கா அந்தச் சாதியில் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பதினோராம் வகுப்பு வரை, அதாவது அன்றைய எஸ்.எஸ்.எல்.சி. வரை, போன முதல் பெண் அவள். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா நிலபுலமுள்ள சம்சாரிகள் காட்டில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் கிடந்தவர். மழை பொய்த்துக் கரிசல் வெடித்துப் போன பிறகு வெடிக் கம்பெனியில் மூட்டை தூக்கப் போனார். அவர் முன்பு வேலை பார்த்த காட்டுக்காரர் வீட்டம்மா ஒரு நாள் அவரை வாசலில் நிறுத்திவைத்துக் கேட்டாளாம்: “பருத்தி எடுக்குற கைக்கு இங்கிலீசு எதுக்குங்கேன்?” ஐயா சிரித்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

அப்படிப் படித்தவள்தான் இங்கிலீஷில் போனாள். மார்க் தெரிந்ததும் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் வாத்தியாரைப் போய்ப் பார்த்தாள். நானும் கூடப் போயிருந்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “ஒனக்கு எல்லாம் சரியாத்தாம்மா வருது. வார்த்தைதான் பத்தல. சின்னப்பிள்ளை வார்த்தையாவே எழுதுற. கனமான வார்த்தை நாலு எடுத்துவிடு, எவன் பெயிலாக்குவான்?” அந்த மனுஷர் வாயில் அன்றைக்கு ஒரு கொழுக்கட்டை இருந்திருக்கக் கூடாதா! நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதை மறுக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்குப் பல் கடிபடுகிறது.

வீட்டில் ஐயா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “ஒரு வருசம் நல்லாப் படி. அடுத்த வருசம் புரட்டாசியில மறுபடி பரீட்சை எழுது. அதுல தேறிட்டா விருதுநகருக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்புறேன், என் தலையை அடகு வச்சாவது. தேறலயா, அச்சங்குளத்துல கழுத்தை நீட்டிரணும். பெறகு ஒரு பேச்சு கூடாது.” அச்சங்குளத்தில் மாமன் முறைக்காரர் ஒருவர் இருந்தார். முதல் தாரம் பிரசவத்தில் போய்விட்டது. அவரும் வெடிக் கம்பெனியில்தான் வேலை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அக்காவுக்கும் அவர்மேல் கோபம் ஒன்றும் இல்லை. “இங்கன உருட்டுற குழாயை அங்கன போயி உருட்டணும், அம்புட்டுத்தானே?” என்பாள். அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு நாற்காலி. மருந்து படாத கையும், சாக்பீஸும், எதிரே முப்பது பிள்ளைகளும். இதை அவள் ஆசை என்றுகூடச் சொல்லமாட்டாள். “எனக்கு அது வேணும் புள்ள” என்று கடையில் சாமான் கேட்பதைப்போலச் சொல்வாள்.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாமென்று என்னோடு கம்பெனிக்கு வரத் தொடங்கினாள். நான் எட்டாவதோடு நின்று ஏற்கெனவே குழாய் செட்டில், அதாவது வெடிக்குக் குழாய் உருட்டுகிற கொட்டகையில், இருந்தேன். அவளைவிட இரண்டு வயது சின்னவள். கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, பலகையில் வைத்து உருட்டி, கம்பியை உருவினால் வெடிக்கு ஒரு குழாய் ஆயிற்று. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போட்டிருப்பார்கள். நகக்கண்ணெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கும், சோற்றை வாயில் வைத்தால் கசக்கும். காகிதம் மெட்ராஸிலிருந்து லோடு லோடாக வரும் பழைய காகிதம். ஆபீஸ் பைல், கோர்ட்டுக் காகிதம், கல்யாணப் பத்திரிகை, இங்கிலீஷ் பேப்பர், பாடப்புத்தகம் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். யார் யாரோ எழுதியதையும் படித்ததையும் நாங்கள் உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்படி ஒரு கட்டுக்குள் அட்டை போன ஒரு அகராதி வந்தது. இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் அர்த்தம் போட்டது. புத்தகமாக இல்லை. தாள்தாளாகப் பிரித்து, மற்ற காகிதத்தோடு கலந்து, கட்டுக்கட்டாகக் கட்டியிருந்தார்கள். அக்கா ஒரு தாளைக் கையில் எடுத்தாள். அதற்குமேல் அன்றைக்கு அவள் குழாய் உருட்டவில்லை. மேஸ்திரி வந்து சத்தம் போட்டார். இவள் எழுந்து நின்று, “அண்ணாச்சி, இதைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோயிட்டுக் காலையில கொண்டாந்துரட்டா?” என்று கேட்டாள். காகிதம் நிறுத்துத்தான் உள்ளே வரும், நிறுத்துத்தான் கணக்கு. மேஸ்திரி அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். “கொண்டுபோறது கொண்டுபோ. காலையில வந்து அத நீயே உருட்டிரணும். ஒரு தாளு கொறஞ்சாலும் என் சீட்டு கிழிஞ்சிரும்” என்றார்.

ஆக, சாயங்காலம் வீட்டுக்கு வரும் தாள் காலையில் குழாயாகிவிடும். அதற்குள் படித்துக்கொள்ள வேண்டும். மறுபடி பார்க்க முடியாது. எழுதி வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் விளக்கு மண்ணெண்ணெய்க்கே வீட்டில் பஞ்சாயத்து. அக்கா நெஞ்சிலேயே ஏற்றிக்கொண்டாள். தாள்கள் எந்த ஒழுங்கிலும் வராது. முதலில் வந்தது எம், என், ஓ. பிறகு ஒரு மாதம் கழித்து ஜி வரிசை. பிறகு வி. ஏயும் பியும் கடைசிவரை எங்கள் கைக்கு வரவில்லை, வேறு எந்தக் கம்பெனிக்குப் போயிற்றோ தெரியாது. அதனால் எம்மில் ஆரம்பிக்கிற கஷ்டமான வார்த்தை எதைக் கேட்டாலும் சொல்வாள், ஏயில் ஆரம்பிக்கிறது ஒன்றும் தெரியாது. “பரீட்சையில ஏ வார்த்தை வேண்டாம்னு விட்டுட்டு எழுதுனாப் போச்சு” என்பாள்.

நான்தான் கேள்வி கேட்கிறவள். கேட்டுக் கேட்டு எனக்கும் ஏறிவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஊரில் ஒரு ஆளைப் பிடித்து ஒட்டிவைப்போம், அப்போதுதான் மறக்காது. ‘வொரேஷியஸ்’ என்றால் பெருந்தீனி தின்கிற. அது எங்கள் வீட்டு வெள்ளாடு. ‘ஆப்ஸ்டினேட்’ என்றால் பிடிவாதமுள்ள, அது ஐயா. ‘கேரலஸ்’ என்றால் ஓயாமல் வாயாடுகிற. அதை எனக்குக் கொடுத்துவிட்டாள், நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை, பேசாமலிருந்தும் பட்டம் மாறவில்லை. ‘மக்னானிமஸ்’ என்று ஒன்று. பெருந்தன்மையுள்ள என்று போட்டிருந்தது. தெரு முழுக்கத் தேடினோம், கம்பெனி முழுக்கத் தேடினோம், ஒட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை. கடைசியில் தாளைக் கொண்டுபோகவிட்டதற்காக மேஸ்திரிக்குக் கொடுத்தோம். சில நேரம் வார்த்தையைவிட அர்த்தம் பெரிய தொல்லையாக இருக்கும். அகராதி எழுதின புண்ணியவான் தமிழையும் சமஸ்கிருதத்தையும் போட்டுக் குழப்பியிருப்பார். அர்த்தத்துக்கு அர்த்தம் கேட்க எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் அதை அப்படியே முழுங்கிக்கொள்வோம்.

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் அக்கா தளர்ந்து போனாள். குழாய் செட்டில் வேலை காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். தகரக் கொட்டகை. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுத் தாளைப் பிடித்தால் கண் சொக்கிவிடும். தூங்கித் தூங்கி முழித்துப் பார்த்தால் பாதி வார்த்தைகூட ஏறியிருக்காது, காலையில் அந்தத் தாளைக் கம்பியில் சுற்றும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். புரட்டாசி என்ன, நமக்காகக் காத்துக்கொண்டா இருக்கும்?

அப்போதுதான் அந்த யோசனை அவளுக்கு வந்தது. வெடிக்குள் அடைக்கிற பொடியை நாங்கள் மருந்து என்போம். அதைக் கலக்குவதையும் குழாயில் அடைப்பதையும் வெயிலுக்கு முன்னால் செய்து முடித்துவிட வேண்டும். சூடு ஏறினால் மருந்தை நம்ப முடியாது. ஆகையால் மருந்து ரூமில் வேலை செய்கிறவர்கள் கருக்கலில் வந்து, வெயில் உறைக்கிறதற்குள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பகல் முழுக்க அவர்களுக்குச் சொந்தம். குழாய் செட்டில் நாங்கள் பசையைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொறாமைப்படாத பெண் எங்களில் கிடையாது.

“நான் மருந்து ரூமுக்கு மாறிக்கிடறேன்” என்றாள் அக்கா. “காலம்பற வேலை முடிஞ்சிரும். மத்தியானம் பூரா இங்கிலீசு படிக்கலாம்.”

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “மருந்து ரூமா? ஏண்டி, புத்தி கெட்டா போச்சு?”

“பரீட்சை மட்டுந்தாம்மா. தேறிட்டா அந்தப் பக்கம் ஏறிட்டுப் பாப்பேனா? விருதுநகருக்குப் போயிருவேன்ல.”

ஐயா பீடியை இழுத்தார். பிறகு, “அங்கன வேலை பாக்குற பொம்பளைகள் எல்லாம் நல்லாத்தானே இருக்காக” என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எத்தனையோ பேர் வருஷக்கணக்காக அங்கே இருந்தார்கள். வெடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குப் பயம் என்பது எப்போதும் அடுத்த ஊரில் இருக்கிற விஷயம். சத்தம் கேட்டால், “எந்தூரு?” என்று கேட்போம். நம் ஊர் இல்லை என்று தெரிந்ததும் உலையில் அரிசி போடுவோம். பாஸ் பண்ணுவதற்காக ஒரு பெண் மருந்து ரூமுக்குப் போகிறாள் என்று கேட்டால் வேறு ஊரில் சிரிப்பார்கள், அல்லது அடிப்பார்கள். எங்கள் தெருவில் “கெட்டிக்காரி” என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எல்லோரும்தான் நினைத்தோம்.

மருந்து ரூமில் வளையல் போடக்கூடாது. முதல் நாள் கருக்கலில் அம்மா அக்காவின் கையைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகச் சவுக்காரம் போட்டுக் கழற்றினாள். உடைக்கக் கூடாது என்று அவ்வளவு பதனம். கழற்றினதை எண்ணெய்த் துணியில் சுற்றி மாடத்தில் வைத்தாள். வாயில் மட்டும், “மாரியாத்தா, இருக்கன்குடி ஆத்தா, நீதான் பாத்துக்கிடணும்” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சித்திரையும் வைகாசியும் ஆனியும் என் அக்கா சந்தோஷமாக இருந்தாள் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அவள் வெயில் ஏறும்போது வந்துவிடுவாள். முகம், கை, இமைமயிரெல்லாம் வெள்ளி மருந்து பூசி மினுமினுக்கும். புளியும் உமியும் போட்டுத் தேய்ப்பாள், தேய்த்தாலும் விரல் ரேகைக்குள் இருக்கிறது போகாது. முந்தின நாள் நான் கொண்டுவந்த தாளை அன்று மத்தியானம் அவள் வைத்துப் படிக்கலாம் என்று மேஸ்திரி ஒரு நாள் கூடுதலாகத் தவணை கொடுத்திருந்தார். நான் சாயங்காலம் வந்து கேட்பேன். ஒன்று விடாமல் சொல்வாள். தாள் ஓரமெல்லாம் அவள் விரல் பட்டு வெள்ளி வெள்ளியாக ஒட்டியிருக்கும். ஆட்டுக்குட்டிக்குக்கூட இங்கிலீஷில் வசவு விழுந்தது. அதற்கு ‘திமிர் பிடித்த’ என்கிற வார்த்தையைக் கொடுத்திருந்தாள். “ஏ இம்பூடண்ட்! எறங்குடி அங்கிட்டு!” என்று அவள் கத்தினால் அது மரியாதையாகக் கட்டிலைவிட்டு இறங்கிவிடும்.

ரொம்ப வருஷம் கழித்து, டிரெயினிங் முடித்து டீச்சராக இருந்த ஒரு பெண்ணிடம் இந்த வார்த்தைகளில் சிலவற்றைச் சொல்லிக் காட்டினேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அந்தப் பரீட்சைக்கு இதெல்லாம் எதுக்குக்கா? எழுத்துப்பிழை இல்லாம, இறந்தகாலம் நிகழ்காலம் கொழப்பாம எழுதுனா பாஸாக்கிருவாங்க. இதுல பாதி எனக்கே தெரியாது” என்றாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆடி மாதம் தீபாவளி சீசன் சூடு பிடித்திருந்தது. ஆர்டர் குவிந்து கிடந்தது. இருக்கன்குடிக்கு நடக்கிறவர்கள் வேப்பிலையும் மஞ்சள் சேலையுமாகச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் காற்று மண்ணை வாரி அடித்தது. நான் குழாய் செட்டில் இருந்தேன். முதலில் பலகை துள்ளியது, பசைச்சட்டி கவிழ்ந்தது, அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டதாக எனக்கு ஞாபகம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் காட்டைப் பார்த்து ஓடவேண்டும். நாங்கள் கம்பெனியிலிருந்து காட்டுக்கு ஓடினோம். ஊரிலிருந்து தாய்மார்கள் கம்பெனியைப் பார்த்து ஓடி வந்தார்கள். நடுவழியில் ஒவ்வொருத்தி முகமாகப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். என் முகத்தை அம்மா பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, விட்டுவிட்டு, மேலே ஓடினாள்.

மருந்து ரூம்தான் வெடித்திருந்தது. அக்கா வாசல் பக்கம் மருந்து அடைத்த குழாய்த் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவளாம். அதனால் உயிர் தப்பினாள். உள்ளே இருந்த இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. எதனால் ஆயிற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது. கம்பெனி லாரியில் ஏற்றிய லோடை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கோணிச்சாக்கைப் பரப்பி அவளைப் படுக்கவைத்து மதுரைக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள், “எம் மூஞ்சி எப்பிடியிருக்கு? எம் மூஞ்சி எப்பிடியிருக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையிலும் கழுத்திலும் புண். கண் இரண்டிலும் கட்டு. முதல் வாரம் அனத்திக்கொண்டு கிடந்தாள். இரண்டாம் வாரம் கொஞ்சம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “ஆடி எம்புட்டுப் போயிருக்கு?” சொன்னேன். “அப்ப புரட்டாசிக்கு நாள் இருக்கு. கட்டை அவுத்துருவாக. நீ கேளு” என்றாள். என்ன கேட்பது? கையில் தாள் கிடையாது. எனக்கு ஞாபகத்தில் இருந்ததைக் கேட்டேன். அவள் அந்த வலியிலும் டாண் டாண் என்று அர்த்தம் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி, “இந்தப் பிள்ளைக்கு என்ன, ஜன்னி கண்டிருச்சா?” என்று அம்மாவிடம் விசாரித்தாள். அச்சங்குளத்தார் ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர் மறுபடி வரவில்லை.

காலையில் பெரிய டாக்டர் வருவார், பின்னாலேயே படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக்கோட்டில் கூட்டமாக வருவார்கள். நல்ல மனுஷர். அக்காவின் தலையில் கை வைத்து, “என்னம்மா, சாப்பிட்டியா? பயப்படாதே, எல்லாம் சரியாயிடும்” என்பார். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளைகள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் பேசுவார். அந்த வார்டில் ஆறுதலெல்லாம் தமிழில் வரும், உண்மையெல்லாம் இங்கிலீஷில் போகும். படுத்திருக்கிறவர்கள் எங்களைப்போல காட்டு ஜனங்கள், அவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்?

அக்கா அதையும் பாடமாக எடுத்துக்கொண்டாள். அவர்கள் நகர்ந்ததும் என் கையைச் சுரண்டுவாள். “‘எக்ஸ்டென்சிவ்’னாரு, கேட்டியா? விரிவான. ‘ப்ரிகாஷன்’னாரு, முன்ஜாக்கிரதை. டாக்டர் பாஷைதான் வெளங்கல, மத்ததெல்லாம் வெளங்குது புள்ள. இம்புட்டு நாளும் தாளுல பாத்துட்டு, இப்ப காதால கேட்டே வெளங்குது!” என்று சிரிப்பாள். உதட்டுப் புண் வெடித்து ரத்தம் வரும். நான் துணியால் ஒற்றுவேன். விரிவானது எது என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே கவலை, நேர்த்திக்கடன். கண்ணுக்கு வந்ததென்றால் எங்கள் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொள்வார்கள், வெள்ளியில் செய்த கண்ணை. அம்மா தன் காலில் கிடந்த தண்டையை அழித்துக் கண்மலர் செய்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பார்வை வருகிறது என்று டாக்டர் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அன்றைக்கே போய்ச் சாத்திவிட வேண்டும் என்று இருந்தாள். அதனால் டாக்டர் வந்து போகும்போதெல்லாம், “என்னடி சொன்னாரு?” என்று என்னைப் பிடித்து உலுக்குவாள்.

ஆவணி பிறந்த பிறகு ஒரு நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் ஒரு சின்ன விளக்கை எடுத்து ஒரு கண்ணில் காட்டினார், அடுத்த கண்ணில் காட்டினார்.

“வெளிச்சம் தெரியுதாம்மா?”

“இல்ல சார்.”

“இப்போ?”

“இல்ல சார். இன்னுங் கொஞ்சம் கிட்டக்க காட்டுங்க சார்.”

அவர் விளக்கை அணைத்தார். விளக்கு அவள் இமைக்கு ஒரு விரல் தூரத்தில்தான் இருந்தது. “பரவாயில்லைம்மா, போகப்போகத் தெரியும். மனசைத் தளரவிடாதே” என்றார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். அவர்கள் எழுதிக்கொள்வதற்காக அன்றைக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “த டேமேஜ் இஸ் இர்ரிவர்சிபிள். இன் போத் ஐஸ்.” ஒரு பையன் சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு தடவை சொன்னார். எழுதி முடித்ததும் எல்லோரும் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள்.

எனக்கு அந்த வார்த்தை தெரியும். ஐ வரிசைத் தாள்கள் வைகாசியில் வந்தவை, கேள்வி கேட்டதே நான்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கட்டு இல்லாத முகம், சிவந்து உப்பியிருந்தது. அதில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் என் கையைச் சுரண்டவில்லை.

அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். “என்னடி சொன்னாரு? ரெண்டு தடவ சொன்னாரே! ரெண்டு பேரும் அம்புட்டு இங்கிலீசு படிச்சீகள்ல, சொல்லித் தொலைங்கடி!”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள், சாதாரணமாக, சந்தையில் விலை சொல்வதைப்போல.

“வந்துரும்னு சொன்னாரும்மா. ரெண்டு கண்ணும். நாளாகுமாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். “ஆமாம்மா” என்றேன்.

அம்மா அந்த இடத்திலேயே தரையில் விழுந்து, கிழக்கு எது மேற்கு எது என்று பார்க்காமல் கும்பிட்டாள். முடிச்சை அவிழ்த்துக் கண்மலரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இப்பவே சாத்தூர் பஸ்ஸைப் புடிக்கேன். பொழுதுக்குள்ள ஆத்தா காலடியில போட்டுட்டு வந்துருவேன்” என்று சொல்லி, அக்காவின் நெற்றியில் முத்தமிட்டாள். வார்டு வாசலில் ஆயாவிடம், “எம் பிள்ளைக்குக் கண்ணு வந்துரும்னு பெரியடாக்டரு சொல்லிட்டாரு” என்று அவள் சொல்வது எங்களுக்குக் கேட்டது.

காலடிச் சத்தம் மாடிப்படியில் இறங்கி மறைந்தது. அக்கா கையை நீட்டித் துழாவினாள். நான் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள்.

“ஏ புள்ள. அந்த வார்த்தை.”

“சொல்லுக்கா.”

“‘மீளாத’ன்னுதான் நான் படிச்சது. எனக்குச் சரியா ஞாபகம் இல்லாம இருக்கலாம்.” அவள் பிடி இறுகியது. “சில வார்த்தைக்கு ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு அர்த்தம் குடுத்திருப்பாக. நீதான தாளைக் கையில வச்சிருந்த. நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு. கீழ வேற ஏதாவது போட்டிருந்துச்சா?”

நான் நினைத்துப் பார்த்தேன். அந்தத் தாள் அப்படியே கண்முன்னால் வந்தது.

“இல்லக்கா,” என்றேன். “அது ஒண்ணுதான் போட்டிருந்துச்சு.”